திரையின் மூலையில் என் பெயர்

என் ஆபீஸ் பாஸ்வேர்ட் என் அப்பாவின் டோக்கன் நம்பர். சிரிக்காதீர்கள். தங்கவயலில் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், போன் பூட்டு, ஏடிஎம் ரகசிய எண் எல்லாமே அந்த வீட்டு ஆம்பிளை மைன்ஸில் வேலை செய்தபோது இருந்த நம்பராகத்தான் இருக்கும். மைன்ஸ் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டில் தண்ணீர் நின்றுவிட்டது. நம்பரை மட்டும் நாங்கள் விடவில்லை.

டோக்கன் என்பது நம்பர் அடித்த ஒரு பித்தளை வில்லை. ஷிஃப்டுக்கு இறங்கும்போது அதைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்க வேண்டும். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையைத் திரும்ப வாங்க வேண்டும். பலகையில் ஒருத்தரின் டோக்கன் தொங்கினால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அப்பாவின் நம்பர் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, டிபன் கேரியர் மூடியில் இருக்கிறது, கல்யாணத்துக்கு மொய் எழுதும்போது பெயருக்குப் பக்கத்தில்கூட அதைச் சொல்லித்தான் எழுதுவார்கள். ஊருக்கே தெரிந்த ஒன்றை எடுத்து நான் ரகசியம் என்று வைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் வேலை பார்த்தது பெங்களூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். வருகிறவர்களின் பெயர், வயது, டெஸ்ட் விவரம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், ரிப்போர்ட் தயாரானதும் அனுப்புவதும் என் வேலை. தினமும் விடியும் முன் எங்கள் குடியிருப்பான ஸ்கெலட்டனிலிருந்து நடந்து ஸ்டேஷனுக்கு வந்து ரயில் பிடிப்பேன். எங்கள் ஊரில் வேலைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் ரயில்தான் இப்போது ஷாஃப்ட். காலையில் இறங்கி சாயந்திரம் ஏறி வருகிற அதே பிழைப்புதான்.

அந்த ரயிலில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். தங்கவயலிலேயே மைசூர் மைன்ஸ் பக்கத்துக்காரி. ரயில் புறப்படுகிற மாரிக்குப்பத்திலேயே ஏறிவிடுவாள், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பக்கத்து சீட்டில் தன் துப்பட்டாவை விரித்துவிடுவாள். எவனாவது உட்கார வந்தால் போதும், "இன்னாப்பா, கண்ணு தெரியலியா? ஆள் வருது" என்று ஒரு போடு போடுவாள். பன்னிரண்டு வருஷம் அந்தத் துப்பட்டா எனக்கு இடம் பிடித்தது. என் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, மூடியில் இருக்கிற நம்பரைத் தடவிக்கொண்டே, "உங்கப்பாவுக்கும் எங்கப்பாவுக்கும் ஒரே ஷிஃப்டுடி, அவங்க ஒண்ணா கேஜ்ல ஏறி சுரங்கத்துல இறங்கினாங்க, நாம ஒண்ணா ரயில்ல போறோம்" என்பாள். அவளுடைய பழைய வேலை போனபோது எங்கள் லேபில் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

லேபில் வருகைக்கென்று தனி மெஷின் கிடையாது. கேட் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் கம்ப்யூட்டரில் லாகின் பண்ணினால் வந்ததாகக் கணக்கு. ரயில் லேட்டானால் அவள் இறங்கி ஓடிப்போய் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். எனக்கு முட்டி வலி. படி ஏறி வெளியே வருவதற்குள் அடுத்த பஸ்ஸும் போயிருக்கும். அப்படி ஒரு நாள் லேட்டாகி அரை நாள் லீவு விழுந்தபோது அவள்தான் சொன்னாள்.

"இன்னாத்துக்குடி அழுவுற? நான் போனதும் உனக்கும் சேத்து டோக்கன் போட்டுடுறேன். கேட்டுல கையெழுத்தும் போட்டுடுறேன். நம்பர சொல்லு."

"உனக்குத் தெரியாத நம்பரா?" என்றேன்.

அவ்வளவுதான். கம்ப்யூட்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும். நானும் மாற்றுவேன், கடைசியில் ஒரு எண்ணை மட்டும் கூட்டுவேன். அதையும் ரயிலிலேயே அவளிடம் சொல்லிவிடுவேன். லேட்டாகிற நாளில் நான் வாட்ஸ்அப்பில் 'எனக்கும் போட்டுடு' என்று அனுப்புவேன். ஐந்து நிமிஷத்தில் 'போட்டாச்சு' என்று பதில் வரும். அதைப் பார்த்ததும் மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஒரு சனிக்கிழமை லேபில் எங்களில் சிலரை மட்டும் உட்காரவைத்து கம்ப்யூட்டர் சட்டம் பற்றி வகுப்பு எடுத்தார்கள். ஒரு வக்கீல் அம்மா வந்து தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை நிதானமாகப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிற விவரத்தை எடுப்பது குற்றம். இன்னொருத்தருடைய பாஸ்வேர்டை நேர்மையில்லாமல் பயன்படுத்தினால் அறுபத்தாறு சி பிரிவு, மூன்று வருஷம் வரை ஜெயில். வேலையின் பேரில் நம் கைக்கு வந்த விவரத்தை வெளியே விட்டு ஒருத்தருக்குக் கெடுதல் செய்தால் அதற்கும் தனிப் பிரிவு. கடைசியாக ஒன்று சொன்னார்: இனிமேல் எந்த ரிப்போர்ட்டைத் திறந்தாலும் திறந்தவரின் பெயரும் நேரமும் திரையின் கீழ் மூலையில் விழும், போட்டோ எடுத்தாலும் அதோடு சேர்ந்தே வரும்.

அன்று வகுப்புக்கு அவள் வரவில்லை. திங்கட்கிழமை ரயிலில் நான்தான் அவளுக்கு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பெரிய வக்கீல் மாதிரி விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். "பாத்துக்கடி, எதத் தொறந்தாலும் மூலைல பேரு வுழுமாம்." அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "அப்படியா? யார் தொறந்தாங்களோ அவங்க பேரா, லாகின்ல இருக்கிறவங்க பேரா?" என்று கேட்டாள். "லாகின்ல இருக்கிறவங்க பேருதான். அதுக்கு மூஞ்சியா தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தக் கேள்வியை எத்தனை நாள் நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து எங்கள் லைனில், அதாவது எங்கள் வீட்டு வரிசையில், மூன்று வீடு தள்ளி இருக்கிற ஒரு பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பி.காம் முடித்தவள், என்னை அக்கா அக்கா என்று சுற்றி வளர்ந்தவள். மாப்பிள்ளை என் தோழியின் சித்தி மகன். ரயிலில் நானும் அவளும் பேசிப் பேசித்தான் அந்தச் சம்பந்தமே அமைந்தது. நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

ஒரு நாள் அந்தப் பெண் தனியாக லேபுக்கு வந்து நின்றாள். மாதவிடாய் சரியாக வராமல் டாக்டரைப் பார்த்திருக்கிறாள், அவர் ஹார்மோன் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். பெங்களூரில் எத்தனையோ லேப் இருக்க, நான் இருக்கிறேன் என்றுதான் அங்கே வந்தாள்.

"அக்கா, டாக்டர் மருந்து எடுத்தா சரியாயிடும்னு சொல்லியிருக்காங்க. நிச்சயம் முடியட்டும், நானே அவர்கிட்ட சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் எங்கம்மாவுக்குக்கூடத் தெரியக்கூடாது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கைய வுட்டு வெளிய போவாது, சத்தியம்" என்றேன். அந்த நேரம் என் தோழி டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "இன்னாம்மா, எங்க வீட்டு மருமக இங்க?" என்று அந்தப் பெண்ணின் கன்னத்தைக் கிள்ளினாள். நான் ஏதோ ரத்தசோகை டெஸ்ட் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். கையில் போன். முகம் பார்க்கிற மாதிரி இல்லை. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். திரையைப் போட்டோ எடுத்த படம். அந்தப் பெண்ணின் ஹார்மோன் ரிப்போர்ட். கீழ் மூலையில் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி, ஒன்பது நாலு என்று காலை நேரம், பக்கத்தில் என் பெயர்.

மாப்பிள்ளையின் அம்மா அதை இவருக்கு அனுப்பி, 'குழந்தை பெத்துக்க முடியாத பொண்ண எங்க தலைல கட்டப் பாத்தீங்களா' என்று எழுதியிருந்தார். நிச்சயம் நின்றுவிட்டது.

"உன்ன நம்பித்தானே என் பொண்ணு அங்க வந்துச்சு? உனக்கு ரெண்டு பொண்ணு கீது, நல்லா இருப்பியா நீ?" என்று அந்த அம்மா கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். லைன் முழுக்க வெளியே வந்து நின்றது. நான் அனுப்பவில்லை, நான் அனுப்பவில்லை என்று கத்தினேன். "அப்ப இந்தப் பேரு உங்கப்பன் பேரா?" என்று யாரோ கேட்டார்கள். துரோகி என்றுவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

என் பாஸ்வேர்ட் தெரிந்தது ஒரே ஒருத்திக்கு. மாப்பிள்ளையோ அவளுடைய சித்தி மகன். சின்னக் குழந்தைக்குக்கூடக் கணக்குப் புரிந்திருக்கும். ஆனால் எனக்கு அவள்மேல் சந்தேகப்படவே மனசு வரவில்லை. மறுநாள் காலை ரயிலில் துப்பட்டா விரித்து வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் அவள் தொடையில் கை வைத்துக் கேட்டேன், "நீ தொறந்தியாடி?"

"ஐயோ, என் புள்ள மேல சத்தியமா இல்லடி!" என்று என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "எவனோ ஹேக் பண்ணிட்டான். நீ வேற, தெனம் நியூஸ்ல வரல? அன்னிக்கு நான் உனக்கு டோக்கனே போடல. ரயில் டயத்துக்கு வந்துது, ரெண்டு பேரும் ஒண்ணாதானே உள்ள போனோம்?"

மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு காலை யாருக்கு ஞாபகம் இருக்கும்? சரி, அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். அன்று அவள் எனக்கு இட்லி ஊட்டிவிட்டாள். அழாதடி அழாதடி என்று கண்ணைத் துடைத்துவிட்டாள்.

லேபில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் பார்த்தால் என் பெயர், என் மேஜை, ஒன்பது நாலு. கேட் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதில் எட்டு ஐம்பத்தைந்துக்கு என் கையெழுத்து இருந்தது. அது நான் போட்டதில்லை, அவள் போடுகிற என் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் மட்டும் கொஞ்சம் நீளம். அதைப் பார்த்த அந்த நொடியில்தான் எனக்கு உள்ளே ஏதோ பொறி தட்டியது. அன்று நான் லேட். அவள்தான் எனக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறாள்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என் முகத்தைப் பார்க்காமல், மேனேஜரைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு அவங்க பாஸ்வேர்ட் இன்னான்னே தெரியாது சார்."

அவங்க. பன்னிரண்டு வருஷமாக டீ, போடி என்று கூப்பிட்டவள். மேனேஜர் என் பக்கம் திரும்பி, பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுத்தேன் என்றால் பொய் வருகைப் பதிவு என்று அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வேலையை விட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதற்கு வேறு வழியில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வாரமே பெண் வீட்டார் சைபர் போலீஸில் புகார் கொடுத்தார்கள். என் பெயரில்தான். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது, முப்பது வருஷம் ட்ரில் மெஷின் பக்கத்தில் நின்ற காது. சத்தம் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டோக்கன் போடுவது என்று நான் சொன்ன இடத்தில் அவருக்கு வந்ததே ஒரு கோபம்!

"எவடி உனக்கு அத டோக்கன் போடுறதுன்னு சொல்லிக் குடுத்தது? மைன்ஸ்ல அடுத்தவன் டோக்கன எவனாவது தொட்டிருப்பானா? தொட்டா கைய ஒடச்சிடுவாங்க! கீழ கிடக்கிறவன் டோக்கன மேல எவனாவது எடுத்துட்டா அவன் செத்தாகூடத் தேட மாட்டானுங்க. என் நம்பர வெச்சிக்கினு இந்த வேலையா பண்ண?"

என்னை இதுவரை அவர் அப்படித் திட்டியதே இல்லை. திட்டிவிட்டு அவரே சட்டை போட்டுக்கொண்டு என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார்.

ஸ்டேஷனில் காத்திருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தத் தேதிக்கு அவளுக்கும் எனக்கும் நடந்த பேச்சைத் தேடினேன். கிடைத்தது. எட்டு நாற்பத்தெட்டுக்கு நான், 'ரயில் லேட். முட்டி வலிக்குது, இப்பதான் படி ஏறுறேன். எனக்கும் போட்டுடு.' அடுத்து எட்டு ஐம்பத்தேழுக்கு அவளுடைய பதில் இருக்க வேண்டிய இடத்தில், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.' அதற்குக் கீழே ஒன்பது ஆறுக்கு மறுபடி நான், 'பஸ் சிக்னல்லயே நிக்குதுடி.'

மேலே தள்ளிப் பார்த்தேன். போட்டாச்சு. போட்டாச்சு. போட்டாச்சு. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் எல்லா 'போட்டாச்சு'வும் அப்படியே இருந்தது. அந்த ஒரு நாளுடையது மட்டும் இல்லை.

வாசலில் ஒரு பெண் கான்ஸ்டபிள் நின்றிருந்தாள். அவளிடம் காட்டி, இப்படி எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாமா என்று கேட்டேன். "ரெண்டு மூணு நாளுக்குள்ள அழிச்சாதான் ரெண்டு பேர் போன்லயும் போவும். அப்புறம் பண்ணா அவங்க போன்ல மட்டும்தான் போவும்" என்றாள்.

விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தேன். படம் வெளியே வந்தது மூன்று வாரம் கழித்து. அவள் இதை அழித்தது அந்த இரண்டு மூன்று நாளைக்குள். அப்படியென்றால் என்மேல் பழி விழும் என்று அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே மறுநாள் காலை எனக்குத் துப்பட்டா விரித்திருக்கிறாள். அதற்கு மறுநாளும். மூன்று வாரம் முழுக்க, தினமும். அவள் ரிப்போர்ட்டைத் திறந்ததுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்தத் துப்பட்டாதான் வலித்தது. போலீஸ் ஸ்டேஷன் என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன்.

உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் அம்மா கன்னடக்காரர். தமிழ் புரியும். போனை அவர் முன்னால் வைத்தேன். காட்டினால் என் வேலை போகும் என்று தெரியும், 'எனக்கும் போட்டுடு' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேனே. காட்டாவிட்டால் அந்தப் படத்தை அனுப்பியவள் நானேதான். போகட்டும் வேலை என்று தள்ளிவிட்டேன்.

அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பாஸ்வேர்ட் நீவே கொட்டித்தீரா?"

"ஹௌது மேடம், ஆமாம். நானேதான் குடுத்தேன்."

"எதுக்கு?"

"அட்டெண்டன்ஸ் போட."

"அதுக்கு மட்டும் குடுத்தீங்க. அதுக்கு மேல தொட்டா அது அவங்க தப்பு. சட்டம் அதைத்தான் கேக்கும், நேர்மையில்லாம பயன்படுத்தினாங்களான்னு" என்றார். டவர் கணக்கு எடுத்தால் ஒன்பது நாலுக்கு என் போன் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும், மாப்பிள்ளை அம்மாவின் போனை வாங்கினால் படம் எந்த நம்பரிலிருந்து வந்தது என்றும் தெரிந்துவிடும் என்றார். நான் சொன்னதையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது என் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதே எனக்கு ஒரு நிமிஷம் குழம்பிப்போனது.

படம் என் தோழியின் நம்பரிலிருந்துதான் போயிருந்தது. பத்து நாளில் அவள் பெயர் புகாரில் ஏறியது, அவளுடைய போனை வாங்கிக்கொண்டார்கள். லேபில் அவளையும் நிறுத்தினார்கள், என்னையும் நிறுத்தினார்கள். என் கடிதத்தில் 'பாஸ்வேர்டைப் பகிர்ந்ததற்காக' என்று இருந்தது. உள்ளதைத்தானே எழுதியிருக்கிறார்கள்.

அவளைக் கடைசியாகப் பார்த்தது மாரிக்குப்பம் பிளாட்பாரத்தில். நானேதான் போனேன். கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சித்தி கெஞ்சினாங்கடி. பொண்ண லேபுல பாத்தேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அப்புறம் வுடல. அவன் எனக்குத் தம்பி, அவன் வாழ்க்கையப் பாப்பேனா, இல்லையா?"

"பாரு. உன் தம்பி, நீ பாரு. உன் பேர்ல தொறந்து பாக்க வேண்டியதுதானே? எதுக்குடி என் பேர்ல பாத்த?"

அவள் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரயில் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் மறுபடி கேட்டேன். இந்தத் தடவை கத்தினேன்.

"எனக்குச் சின்னக் குழந்த கீதுடி" என்றாள். "வேல போனா நான் இன்னா பண்ணுவேன்? உன்ன எல்லாருக்கும் தெரியும், பழைய ஆளு, உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நெனச்சேன்."

என் முகத்தில் கரி பூசினதற்கு அவளிடம் இருந்த காரணம் அவ்வளவுதான். அவளை அடிக்க வேண்டும் என்றுதான் போனேன். கை எழவில்லை. அவளைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு வந்தேன் என்று எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும். ஆனால் நான் சும்மாதான் திரும்பி நடந்தேன், முட்டி வலிக்க வலிக்க.

வழக்கு நடக்கிறது. அவளுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. லைனில் மறுபடி எல்லாரும் என்னோடு பேசுகிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மா பண்டிகைக்கு ஒரு டப்பாவில் அதிரசம் மாதிரியான கஜ்ஜாயம் கொடுத்து அனுப்பினார். இழந்த மானம் திரும்பி வந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன், அந்தப் பெண் ஒரு சாயந்திரம் எங்கள் வாசலுக்கு வரும்வரை.

உள்ளே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். "நீங்க அனுப்பலன்னு தெரிஞ்சிடுச்சுக்கா. அன்னிக்கு எங்கம்மா பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்பது நாளாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். அவளைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினேன்.

அவள் ஓர் அடி பின்னால் போனாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்க்கா. அன்னிக்கு லேபுல என் கையப் புடிச்சுக்கினு, வெளிய போவாதுன்னு சத்தியம் பண்ணீங்களே. அப்ப உங்க பாஸ்வேர்ட் அவங்ககிட்ட இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"இருந்துச்சு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை, திட்டவில்லை. "எனக்கு அதான் தெரியணும்" என்று மட்டும் சொன்னாள். மூன்று வீடு தள்ளி இருக்கிற தன் வீட்டுக்கு அவள் நடந்து போனாள். அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் சிரிக்கிறாள், வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசுகிறாள். அக்கா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.